குடுவைத் தாங்கி (பழம் அடைத்தல்)

குடுவைத் தாங்கி என்பது, வீட்டில் பழங்களைக் கண்ணாடிக் குடுவைகளில் அடைத்துக் கொதிநீரில் பதப்படுத்தும்போது, அக்குடுவைகள் பாத்திரத்தின் அடியைத் தொடாமலும், ஒன்றோடொன்று மோதாமலும், சாய்ந்துவிடாமலும் தாங்கி நிற்கும் கம்பிச் சட்டம் அல்லது துளையிட்ட தட்டு ஆகும். ஆங்கிலம் பேசும் நாடுகளில் கேனிங் எனப்படும் இந்தப் பதப்படுத்தும் முறை, அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் இன்றும் ஏராளமான வீடுகளில் கோடைக்கால வேலையாக நடைபெறுகிறது. அங்கு விற்கப்படும் கொதிநீர்ப் பாத்திரங்கள் பெரும்பாலும் தாங்கியுடனேயே வருகின்றன. அரை கிலோ எடைகூட இல்லாத இந்தக் கம்பிச் சட்டம் இல்லாமல் அடுப்பில் ஏற்றப்பட்ட குடுவைகள், ஒரு நாள் முழுக்கத் தோல் உரித்து நறுக்கிய பழத்தோடு சேர்ந்து கொதிநீருக்குள்ளேயே உடைந்துபோவது உண்டு.

தமிழகச் சமையலறையில் இதற்கு நேரான பொருள் கிடையாது. மாங்காயையும் நெல்லிக்காயையும் உப்பு, எண்ணெய், வெயில் ஆகியவற்றைக் கொண்டு காப்பதே இங்குள்ள வழக்கம். குடுவையோடு சேர்த்து வேகவைத்துக் காற்றுப் புகாமல் மூடும் முறை வீடுகளில் வேரூன்றவில்லை. உருண்டை அடி கொண்ட பானை உருளாமல் இருக்க அதன் கீழ் வைக்கப்படும் பிரிமணையை உறவாகச் சொல்லலாம். ஆனால் பிரிமணையின் வேலை தாங்குவதோடு முடிந்துவிடுகிறது. குடுவைத் தாங்கியோ, வெப்பத்தையும் நீரோட்டத்தையும் சேர்த்துக் கவனிக்க வேண்டியுள்ளது.

பதப்படுத்தும் முறை

தாங்கியின் பயனை விளங்கிக்கொள்ள, கேனிங் எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சுருக்கமாக அறிவது நல்லது. பீச், பேரி, பிளம், ஆப்பிள் போன்ற பழங்கள் தோல் நீக்கி நறுக்கப்பட்டு, சூடான குடுவையில் சர்க்கரைப் பாகு, பழச்சாறு அல்லது வெறும் நீரோடு நிரப்பப்படுகின்றன. குடுவையின் வாய்வரை நிரப்பாமல், பழத்துண்டுகளுக்குப் பெரும்பாலும் அரை அங்குலமும், ஜாமுக்குக் கால் அங்குலமும் மேல்வெளி விடப்படுகிறது. விளிம்பில் ரப்பர் போன்ற பசை ஓடிய மெல்லிய உலோகத் தகடு மூடியாக வைக்கப்பட்டு, அதன் மேல் திருகு வளையம் கையால் இறுகும் அளவுக்கு மட்டும் முடுக்கப்படுகிறது.

பின்னர் குடுவைகள் முழுவதுமாக நீரில் மூழ்கும்படி இறக்கப்பட்டு, குறிப்பிட்ட நேரம் கொதிக்க வைக்கப்படுகின்றன. உள்ளிருக்கும் பழமும் பாகும் சூடேறும்போது மேல்வெளிக் காற்று விரிந்து, மூடித் தகட்டின் ஓரத்தைச் சற்றே தூக்கிக்கொண்டு குமிழ்களாக வெளியேறுகிறது. குடுவை வெளியே எடுக்கப்பட்டு ஆறும்போது, உள்ளே எஞ்சிய நீராவி குளிர்ந்து நீராகி, அங்கு வெற்றிடம் ஏற்படுகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் தகட்டைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அப்போது எழும் "டக்" என்னும் ஒலிக்காக, கேனிங் செய்பவர்கள் இரவு வெகுநேரம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள்.

இந்த வரிசையில் ஒவ்வொரு கட்டத்திலும் தாங்கிக்கு ஒரு பங்கு உண்டு. குடுவை சாய்ந்தால் பாகு மேல்வெளிக்கு ஏறி, மூடியின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். வெளியேற வேண்டியது காற்று. அதற்குப் பதிலாகப் பாகு வெளியேறினால், பழத்தின் நார் ஒன்று விளிம்பில் சிக்கினாலே போதும், மூடி இறுகாது. அதனால்தான் அமெரிக்க வேளாண்மைத் துறையின் வழிகாட்டி, குடுவையை எப்போதும் நிமிர்ந்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறது.

கண்ணாடி ஏன் உடைகிறது

குடுவைகள் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியால் ஆனவை. சன்னல், பாட்டில், குவளை ஆகியவற்றுக்குப் பயன்படும் அதே கண்ணாடிதான். இது வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். சூடானால் கணிசமாக விரியும். இவ்விரண்டு இயல்புகளும் சேரும்போது தொல்லை தொடங்குகிறது. ஒரு பகுதி வேகமாகச் சூடேறி விரிய முயல, அதையொட்டிய பகுதி இன்னும் குளிர்ந்தே இருந்தால், கண்ணாடிக்குள் இழுவிசை உண்டாகிறது. அமுக்கத்தைத் தாங்கும் கண்ணாடி, இழுப்பைத் தாங்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தாலும் அங்கிருந்து விரிசல் ஓடிவிடும். இதனை வெப்ப அதிர்ச்சி என்பர்.

பாத்திரத்தின் அடியில் குடுவையை நேரடியாக வைத்தால் நிகழ்வது இதுவே. கொதிக்கும் நீர் சாதாரண அழுத்தத்தில் 100 டிகிரி செல்சியசைத் தாண்டாது. ஆனால் தீயின் மேல் நேரே இருக்கும் உலோக அடி அதைவிடச் சூடாக இருக்கும். நீர் தொட்டுக்கொண்டிருக்கும் வரை அந்த வெப்பத்தை நீர் உடனுக்குடன் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. குடுவை உட்கார்ந்திருக்கும் இடத்திலோ மிக மெல்லிய நீர்ப்படலம் மட்டுமே இருக்கும். அது ஆவியாகிவிட்டால் அங்கே ஒரு வறண்ட திட்டு ஏற்படும். உலோகத்தின் வெப்பம் மளமளவென்று ஏறும். குடுவையின் அடிக்கும் பக்கச் சுவருக்கும் இடையே வெப்ப வேறுபாடு தோன்றி, இரண்டும் சேரும் வளைவில் விரிசல் விழும். இப்படி உடைந்த குடுவையைத் தூக்கினால், அடிப்பாகம் வட்டமாகக் கத்தரித்தது போலப் பாத்திரத்திலேயே தங்கிவிடும். மோதி உடைந்த குடுவையில் விரிசல்கள் அடிபட்ட ஒரு புள்ளியிலிருந்து நாலாபுறமும் பிரியும். எந்தக் காரணத்தால் உடைந்தது என்பதைப் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டாவது தொல்லை ஆட்டம். பெரும்பாலான குடுவைகளின் அடி, நடுவில் சற்றே உட்குழிந்திருக்கும். அந்தக் குழிவுக்குள் நீராவி சேர்ந்து, குடுவையைத் தூக்கி, ஓரத்தின் வழியே தப்பி ஓடியதும் குடுவை மீண்டும் தொப்பென்று விழும். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள குடுவையை நீராவிக் குமிழ் தூக்குமா என்று ஐயம் எழலாம். கணக்கிட்டுப் பார்த்தால் விளங்கும். ஏறத்தாழ 950 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு குவார்ட் குடுவையின் கண்ணாடி எடை சுமார் 450 கிராம். பழமும் பாகும் சேர்ந்து சுமார் 930 கிராம். மொத்தம் 1,380 கிராம். நீரில் மூழ்கிய குடுவை தன் கன அளவுக்குச் சமமாக, சுமார் 1,130 மில்லிலிட்டர் நீரை விலக்குகிறது. கொதிநீரில் அதன் எடை சுமார் 1,080 கிராம். ஆர்க்கிமிடீசு விதிப்படி மீதம் நிற்கும் எடை 300 கிராம்தான். ஒரு டம்ளர் தண்ணீரைவிடச் சற்றுக் கூடுதலான அந்த எடையைக் கொதியின் வேகம் எளிதாக அசைத்துவிடும். 25 நிமிடம் தொடர்ந்து இப்படித் தட்டிக்கொண்டே இருந்தால் எந்தக் கண்ணாடியும் களைத்துப்போகும்.

தாங்கி குடுவையை அடியிலிருந்து ஒரு விரற்கடை அளவுக்கு உயர்த்தி வைக்கிறது. அந்த இடைவெளியில் எப்போதும் நீர் ஓடிக்கொண்டிருப்பதால் வறண்ட திட்டு தோன்றுவதில்லை. எழும் குமிழ்களும் கம்பிகளுக்கிடையே சிதறிப் பக்கவாட்டில் மேலேறிவிடுகின்றன.

இருப்பினும், எல்லா உடைப்பையும் தாங்கி தடுத்துவிடும் என்று கருதுவது தவறு. குளிர்ந்த பழத்தை நிரப்பிய குடுவையைக் கொதிக்கும் நீரில் இறக்கினால், தாங்கி இருந்தாலும் உடையும். சூடாக்காத பழத்தை அடைத்த குடுவைகளுக்குப் பாத்திரத்து நீர் சுமார் 60 டிகிரி செல்சியசிலும், சூடான பழத்தை அடைத்தவற்றுக்குச் சுமார் 80 டிகிரியிலும் இருக்க வேண்டும் என்று அமெரிக்க வழிகாட்டிகள் கூறுவது இதனால்தான்.

வரலாறு

உணவைக் கண்ணாடியில் அடைத்து வேகவைக்கும் முறையைக் கண்டறிந்த பிரான்சு நாட்டு மிட்டாய் தயாரிப்பாளர் நிக்கொலா அப்பேர் (1749–1841), உடைப்புத் தொல்லையை முதலில் சந்தித்தவரும் ஆவார். தடித்த ஷாம்பெயின் பாட்டில்களைத் தக்கையால் அடைத்துக் கம்பியால் கட்டி, ஒவ்வொன்றையும் ஒரு முரட்டுத்துணிப் பைக்குள் இட்டுக் கொதிகலனில் அடுக்கினார். பை, பாட்டில்கள் மோதிக்கொள்ளாமல் காத்தது. ஒன்று வெடித்தாலும் சில்லுகள் அதற்குள்ளேயே கிடந்தன. பிரெஞ்சு அரசு 1810ஆம் ஆண்டில் அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. தம் முறையை விளக்கும் நூலையும் அவர் அவ்வாண்டே வெளியிட்டார். வேகவைத்த உணவு ஏன் கெடுவதில்லை என்பது அப்போது யாருக்கும் தெரியாது. நுண்ணுயிர்கள் குறித்த லூயி பாஸ்டரின் ஆய்வுகள் வர இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது.

தொழிற்சாலைகள் விரைவிலேயே தகரக் குவளைகளுக்கு மாறிவிட்டன. அவை மோதினாலும் உடைவதில்லை. கண்ணாடி வீடுகளிலேயே நிலைத்தது. 1858 நவம்பர் 30ஆம் நாள், ஜான் லாண்டிஸ் மேசன் என்பவர் திருகு மரை கொண்ட கழுத்துள்ள குடுவைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இன்றும் அமெரிக்கர் இக்குடுவையை மேசன் ஜார் என்றே அழைக்கின்றனர். 1880களில் பால் சகோதரர்கள் கண்ணாடிக் குடுவைகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கினர். இந்தியானா மாநிலத்தின் மன்சி நகரில் அமைந்த அவர்களது ஆலை அப்பெயரை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. அலெக்சாண்டர் கெர் 1915இல் கொண்டுவந்த, தகடும் வளையமும் தனித்தனியான மூடி, மேலே விவரித்த இன்றைய மூடியின் முன்னோடி ஆகும்.

செருமனியில் கதை வேறு வழியில் சென்றது. வேதியியலாளர் ருடால்ஃப் ரெம்பெல் 1892இல் பெற்ற காப்புரிமையை வாங்கிய யோகான் வெக், 1900இல் தம் நிறுவனத்தை ஏஃப்லிங்கன் என்னும் ஊரில் தொடங்கினார். இவர்களது குடுவையில் மூடியும் கண்ணாடியே. இடையில் ஒரு ரப்பர் வளையம். தொடக்கக்காலக் கருவியில், பாத்திரத்துக்குள் இறக்கப்படும் தாங்கியிலேயே வில்கம்பிகள் இருந்தன. அவை ஒவ்வொரு மூடியையும் மேலிருந்து அழுத்திப் பிடித்தன. அதாவது அங்கே தாங்கி குடுவையைக் கீழிருந்து ஏந்தியதோடு மூடியை இறுக்கும் வேலையையும் செய்தது. பின்னர் குடுவைக்கு ஒன்றாகத் தனிக் கவ்விகள் வந்ததும் இந்த அழகான அமைப்பு மறைந்தது. வெக்கின் பெயரிலிருந்து பிறந்த "ஐன்வெக்கன்" என்னும் வினைச்சொல் 1907இல் செருமானிய அகராதியான டூடனில் இடம்பெற்றது.

அமெரிக்கக் கிராமப்புறங்களில் தனியாக ஒரு கேனிங் பாத்திரம் வைத்திருக்க எல்லாருக்கும் வசதி இல்லை. துணி வெளுக்கப் பயன்படும் நீள்வட்டக் கொப்பரையே பழம் அடைக்கும் காலத்தில் அடுப்பேறும். அதன் அடியில் மரச் சட்டங்களை இடைவெளி விட்டு ஆணியடித்துச் செய்த பொய்த்தளம் ஒன்றைப் போட்டு, அதன்மேல் குடுவைகளை அடுக்கினர். முதல் உலகப் போர்க் காலத்தில் வேளாண்மைத் துறை வெளியிட்ட இலவசக் கையேடுகள் இந்தப் பொய்த்தளத்தைச் செய்யும் முறையைக் கற்பித்தன. மரம் மிதக்கும் என்பதால் குடுவைகளின் எடை மேலே ஏறும்வரை அதைக் கையால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது வீட்டுத் தோட்டங்கள் பெருகி, வீட்டில் பழம் அடைக்கும் வழக்கம் உச்சத்தை எட்டியது. சர்க்கரைப் பங்கீடு நடைமுறையில் இருந்தபோதும், பழம் அடைப்பதற்கென்று தனியாகக் கூடுதல் சர்க்கரை வழங்கப்பட்டது. உலோகம் போர்த்தளவாடங்களுக்குப் போனதால் மரப் பொய்த்தளங்கள் மீண்டும் கைகொடுத்தன.

அமைப்பும் வகைகளும்

இன்று மிகப் பரவலாகக் காணப்படுவது கூடை வடிவக் கம்பித் தாங்கி. இதில் ஏழு குடுவைகளுக்கு இடம் உண்டு. ஏழு என்னும் எண் தற்செயலாக வந்ததன்று. ஒரு வட்டத்தைச் சுற்றி அதே அளவுள்ள ஆறு வட்டங்கள் சரியாகத் தொட்டுக்கொண்டு அமையும். அந்த ஏழையும் உள்ளடக்கும் பெரிய வட்டத்தின் விட்டம் சிறியதைப் போல மூன்று மடங்கு. மேசையில் ஏழு நாணயங்களை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். குவார்ட் குடுவையின் விட்டம் ஏறத்தாழ 9.5 சென்டிமீட்டர். மும்மடங்கோடு, குடுவைகளுக்கிடையே நீர் ஓடுவதற்கான இடைவெளியும் சேர்ந்தால் சுமார் 32 சென்டிமீட்டர் அகலப் பாத்திரம் தேவைப்படும். கடையில் விற்கும் எனாமல் பூசிய கொதிநீர்ப் பாத்திரங்கள் ஏறக்குறைய இந்த அளவிலேயே உள்ளன.

கூடையின் இருபுறமும் உயர்ந்து நிற்கும் கைப்பிடிகளின் நுனி கொக்கிபோல வளைந்திருக்கும். அவற்றைப் பாத்திரத்தின் விளிம்பில் மாட்டினால், தாங்கி பாதி உயரத்தில் தொங்கும். குடுவைகளை ஒவ்வொன்றாக அதில் அமர்த்தி, ஏழும் நிறைந்தபின் கொக்கிகளை விடுவித்து மெல்ல நீரில் இறக்கலாம். சொல்வதற்கு எளிது. ஏழு குவார்ட் குடுவைகளின் எடை மட்டும் பத்துக் கிலோவை நெருங்கும். ஆவி பறக்கும் பாத்திரத்தின் மேல் அதைச் சீராகத் தூக்கி இறக்க இரண்டு உறுதியான கைகள் வேண்டும். மெல்லிய கம்பியால் ஆன மலிவுத் தாங்கிகளில் கைப்பிடி வளைந்து, ஒரு பக்கம் தாழ்ந்து, குடுவைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிவதும் நடக்கிறது. ஆகவே, தாங்கியை முதலிலேயே பாத்திரத்தின் அடியில் அமர்த்திவிட்டு, குடுவைகளை ஒவ்வொன்றாகக் குடுவை இடுக்கியால் இறக்குவதே பாதுகாப்பானது. வேளாண்மைத் துறை வழிகாட்டி இரு முறைகளையும் ஏற்கிறது.

கம்பித் தாங்கியின் உண்மையான குறை சிறு குடுவைகளிடம் வெளிப்படுகிறது. அது குவார்ட் அளவை மனத்தில் வைத்துச் செய்யப்படுவதால், ஜாம் அடைக்கும் கால் லிட்டர்க் குடுவைகள் கம்பிகளுக்கிடையே ஒரு கால் இறங்கிச் சாய்ந்துவிடும். கேக் ஆறவைக்கும் நெருக்கமான கம்பித் தட்டு ஒன்றைத் தாங்கியின் மேல் வைத்தால் இது தீர்ந்துவிடும். துளையிட்ட அலுமினியத் தட்டு வகையில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதில் குடுவைகளைப் பக்கவாட்டில் பிரித்து வைக்கத் தடுப்பு இராது. நெகிழும் சிலிக்கோன் தாங்கிகளும் அண்மைக்காலத்தில் விற்பனைக்கு வந்துள்ளன.

அழுத்தக் கேனரில் பயன்படும் தாங்கி தட்டையான துளைத் தட்டே. அங்கு குடுவைகள் நீரில் மூழ்குவதில்லை. அடியில் இரண்டு மூன்று அங்குல நீர் மட்டும் இருக்க, மற்றதை நீராவி பார்த்துக்கொள்கிறது. நீராவி எங்கும் பரவுவதால் இரண்டு அடுக்காகவும் குடுவைகளை வைக்கலாம். இடையில் இரண்டாவது தட்டு ஒன்று போட வேண்டும். தமிழக வீடுகளில் உள்ள பிரஷர் குக்கரின் அடித்தட்டு தோற்றத்தில் இதைப் போலவே இருக்கும். எனினும் குக்கர் கேனர் ஆகாது. நான்கு குவார்ட் குடுவைகளாவது நிமிர்ந்து நிற்கும் அளவுள்ளதையே அழுத்தக் கேனராக அமெரிக்க வேளாண்மைத் துறை ஏற்கிறது. சிறிய குக்கர் விரைவில் சூடேறி விரைவில் ஆறிவிடுவதால், சோதித்து வகுக்கப்பட்ட நேரக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

பயன்படுத்தும் முறை

பாத்திரத்தின் உயரத்தை முதலில் பார்க்க வேண்டும். தாங்கியின் உயரம், குடுவையின் உயரம், மூடிக்கு மேல் குறைந்தது ஓர் அங்குல நீர், அதற்கும் மேல் கொதி பொங்கச் சிறிது இடம் ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். குடுவையைவிட மூன்று அங்குலமாவது உயரமான பாத்திரம் பொதுவாகப் போதும். தாங்கியை மறந்துவிட்டு உயரத்தைக் கணக்கிடுவோர், கடைசியில் மூடி நீருக்கு வெளியே தலைகாட்டுவதைப் பார்க்க நேரிடும்.

தாங்கியை அமர்த்திப் பாதியளவு நீர் ஊற்றிச் சூடாக்கியபின் குடுவைகள் இறக்கப்படுகின்றன. நடுவில் முதலில் ஒன்றை வைத்து, பிறகு எதிரெதிராக அடுக்கினால் தாங்கி ஒருபக்கம் சாயாது. ஏழுக்குப் பதில் நான்கைந்து குடுவைகளே இருந்தால், காலி இடங்களில் வெந்நீர் நிரப்பிய குடுவைகளை வைப்பது நல்ல பழக்கம். அடுத்து, மூடிக்கு மேல் ஓர் அங்குலம் நிற்கும்படி கொதிநீர் சேர்க்கப்படுகிறது. அதைக் குடுவையின் மீது நேராக ஊற்றக் கூடாது. நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய கணத்திலிருந்தே நேரம் எண்ணப்படும். சூடாக்கி அடைத்த பீச் பழத்திற்கு, கடல்மட்டத்தை ஒட்டிய இடங்களில் அரை லிட்டர் அளவுள்ள பைன்ட் குடுவைக்கு 20 நிமிடமும் குவார்ட்டுக்கு 25 நிமிடமும் விதிக்கப்பட்டுள்ளது.

உயரம் கூடினால் இந்த நேரமும் கூடும். பீச், பிளம், பேரி விளையும் உதகமண்டலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு நீர் 92, 93 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். 6,000 அடிக்கு மேற்பட்ட இடங்களுக்கு அமெரிக்க அட்டவணை அதே குவார்ட் பீச்சுக்கு 40 நிமிடம் என்கிறது. சென்னையில் செய்துபார்த்துச் சரியாக வந்த நேரத்தை உதகையில் அப்படியே பின்பற்றினால், மூடி இறுகியிருக்கும், பழமும் நன்றாகவே தெரியும், உள்ளே பதப்படுத்தல் மட்டும் குறைபட்டிருக்கும்.

நேரம் முடிந்ததும் அடுப்பை அணைத்து, மூடியைத் திறந்து, ஐந்து நிமிடம் குடுவைகளை அப்படியே விட வேண்டும். உடனே தூக்கினால் உள்ளே இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும் பாகு மூடி வழியே பீறிடும். தூக்கிய குடுவையைக் கடப்பைக்கல் மேடையிலோ கிரானைட்டிலோ நேரடியாக வைக்கக் கூடாது. கொதிநீரில் தப்பிய கண்ணாடி குளிர்ந்த கல்லில் விரிசல் விடும். மரப்பலகை அல்லது தடித்த துவாலையின்மேல், ஓர் அங்குல இடைவெளியில், 12 முதல் 24 மணி நேரம் அசையாமல் வைக்கப்படுகின்றன.

தாங்கி இல்லாதபோது

குடுவைகளின் பழைய திருகு வளையங்களைக் கம்பியால் ஒன்றாகக் கட்டி அடியில் பரப்புவது அமெரிக்க வீடுகளில் பழகிப்போன மாற்று வழி. உயரம் சரியாக இருக்கும், நீரும் ஓடும். அவை கொதியில் இடம்பெயராமல் இருக்க ஒன்றோடொன்று கட்டுவது அவசியம். மடித்த துவாலையைப் போடுவோரும் உண்டு. உடைப்பைத் தடுக்க அது உதவினாலும், கொதியில் உப்பி மேலெழுந்து குடுவைகளைச் சாய்த்துவிடும் என்பதோடு, அடிப்பகுதிக்கு வெந்நீர் வருவதையும் தடுக்கும். பாகில் மிதக்கும் பழத்தில் வெப்பம் பெரும்பாலும் நீரோட்டமாகவே பரவுகிறது. அத்தகைய குடுவையில் கடைசியாகச் சூடேறும் இடம் நட்டநடுவில் இல்லை, நடுக்கோட்டில் அடியை ஒட்டி இருக்கிறது. அந்த இடத்தையே துணியால் போர்த்துவது விரும்பத்தக்கதன்று. இட்லித் தட்டுகளைக் கவிழ்த்துப் போடும் எண்ணம் தமிழ் வாசகருக்குத் தோன்றக்கூடும். குழிகளின் மேடு பள்ளத்தில் குடுவை நேராக நிற்காது. கால் வைத்த தட்டையான துளைத் தட்டு நன்றாகவே பொருந்தும்.

காப்பித்தூளும் சத்துமாவும் வந்த பாட்டில்கள் ஒருமுறைப் பயன்பாட்டுக்கானவை. அவற்றின் சுவர் மெல்லியது, வாயும் இருபகுதி மூடிக்கு ஏற்றதாக அமைவதில்லை. எவ்வளவு நல்ல தாங்கியில் வைத்தாலும் கொதிநீரில் அவை உடையும் வாய்ப்பு அதிகம்.

எதற்குப் பொருந்தாது

கொதிநீர் முறையும் அதற்கான தாங்கியும் புளிப்புள்ள உணவுகளுக்கே உரியவை. அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 4.6 அல்லது அதற்குக் கீழ் இருந்தால்தான், குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் முளைக்க முடியாது. அந்த வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. காற்றில்லாத, புளிப்புக் குறைந்த, ஈரமான குடுவை அவை முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சைச் சுரக்க மிக வசதியான இடம். பீன்ஸ், கிழங்கு, இறைச்சி போன்றவற்றை வீட்டில் அடைக்க அழுத்தக் கேனர் ஒன்றே வழி என்று அமெரிக்க வேளாண்மைத் துறை 1917இலேயே முடிவுசெய்தது. அதில் வெப்பம் சுமார் 116 டிகிரி செல்சியசை எட்டும்.

2015 ஏப்ரலில் ஒகையோ மாநிலத்தின் லங்காஸ்டர் நகரில் நடந்த ஒரு கூட்டு விருந்தில் பரிமாறப்பட்ட உருளைக்கிழங்கு சாலட்டால் 29 பேர் இந்நஞ்சால் பாதிக்கப்பட்டு, அவர்களுள் ஒருவர் இறந்தார். அழுத்தக் கேனரில் பதப்படுத்த வேண்டிய கிழங்கு, கொதிநீரில் மட்டுமே பதப்படுத்தப்பட்டிருந்தது.

பழங்களிலும் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. தக்காளி, அத்தி, பப்பாளி ஆகியவற்றின் புளிப்பு எல்லைக்கோட்டில் நிற்பதால் எலுமிச்சைச் சாறு சேர்க்கப்படுகிறது. தக்காளிக்குப் பைன்ட் ஒன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி, குவார்ட்டுக்கு இரண்டு என்பது கணக்கு. பாட்டிலில் விற்கும் சாற்றின் புளிப்பு சீரானது என்பதால், பிழிந்த சாற்றைவிட அதுவே பரிந்துரைக்கப்படுகிறது. மாம்பழ விரும்பிகளுக்கு ஏமாற்றமான செய்தி ஒன்றும் உண்டு: அமெரிக்க வழிகாட்டியில் மாவுக்கான செய்முறை, இன்னும் பழுக்காத, புளிப்பு மாறாத காய்களுக்கு மட்டுமே வகுக்கப்பட்டுள்ளது.

பராமரிப்பு

குரோமியம் பூசிய கம்பித் தாங்கிகளில், கம்பிகள் பற்றவைக்கப்பட்ட மூட்டுகளில் முதலில் துரு பிடிக்கும். துரு நீரில் கலந்தால் குடுவைக்குள் போவதில்லை. ஆனால் மூடிகளில் கறை படியும், துருப்பிடித்த மூட்டு எடை தாங்காமல் ஒருநாள் விட்டுப்போகும். பயன்படுத்தியவுடன் கழுவித் துடைத்து உலர்த்தி வைத்தால் பல ஆண்டுகள் உழைக்கும். கடின நீர் உள்ள ஊர்களில் கம்பியிலும் குடுவையிலும் வெண்மையாகச் சுண்ணாம்பு படியும். பாத்திரத்து நீரில் சிறிது வினிகர் சேர்த்தால் அது படிவதில்லை. புதிய பருவத்தில் வேலையைத் தொடங்குமுன், காலி நீரில் வெறும் குடுவைகளை வைத்துத் தாங்கியை ஒருமுறை தூக்கி இறக்கிப் பார்ப்பது, வளைந்த கைப்பிடியையும் விட்டுப்போன மூட்டையும் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.